கல்லை மட்டும் பார்த்தோம்

ஆச்சி வீட்டு வளவில் ஒரு மர அலமாரி இருக்கிறது. அதன் மேல்தட்டில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில். உள்ளே பதினோரு கற்கள். பழுப்பும் கறுப்புமாக, ஒன்றோடொன்று உரசி உரசிப் பட்டை தீட்டியது போல இருக்கும். பெரியது ஒரு நாவற்கொட்டை அளவு. போன வருடம் வைகாசியில் ஆச்சிக்குப் பித்தப்பையை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பாட்டில் அது.

நகரத்தார் வீடுகளில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு 56 வயது, என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த இரண்டு நாளில் சொந்தபந்தம் எல்லாம் பார்க்க வந்தாகிவிட்டது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் வந்து குவிந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குலுக்கிப் பார்த்தார்கள். "அடியாத்தி, இத்தனை கல்லையும் வச்சுக்கிட்டா நடமாடிக்கிட்டு இருந்தீக?" என்று கேட்காத ஆளில்லை. நானும்தான் எண்ணிப் பார்த்தேன். கல் வெளியே வந்துவிட்டது, தொல்லை விட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி.

நோய் கல்லில் இல்லை. கல்லை வைத்திருந்த பையின் சுவரில் இருந்தது. அந்தப் பை எங்கே போனது என்று வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. என்னையும் ஒரு நர்ஸம்மா கேட்க வைத்ததால்தான் கேட்டேன்.

மூன்று வருடமாக ஆச்சிக்கு வயிற்றுத் தொந்தரவு இருந்தது. விசேஷ வீட்டில் கல்கண்டு வடையும் வெள்ளைப் பணியாரமும் சாப்பிட்டு வந்த ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும். அங்கிருந்து வலது தோள்பட்டைக்கு ஏறும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு விட்டுவிடும். வாயு என்று பூண்டைச் சுட்டுத் தின்றார். கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டார். எண்ணெய்ப் பலகாரம் தின்ற பிறகு வலது பக்கம் பிடித்துத் தோளுக்கு ஏறும் வலி பித்தப்பை வலியாக இருக்கலாம் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒருவழியாக ஸ்கேன் எடுத்ததும் கல் தெரிந்தது. உடனே ஒரு பெரியப்பச்சி வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார். ஆச்சியும் ஒரு மாதம் குடித்தார். சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு. ஒன்று சிறுநீர் வழியில் இருப்பது, மற்றது கல்லீரலுக்கு அடியில் பேரிக்காய் வடிவில் தொங்கும் பையில் பித்தநீர் கெட்டியாகி உண்டாவது. அந்தப் பை 30 முதல் 50 மில்லி பித்தநீர் பிடிக்கும். குடிக்கிற வாழைத்தண்டுச் சாற்றால் அங்கே இருக்கிற கல் கரையாது. இதைச் சொன்னால் பெரியவர்களுக்கு இன்றும் வருத்தம் வருகிறது. என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, ஆபரேஷன் நாளுக்கு வருகிறேன். லேப்ராஸ்கோபி. வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு எடுத்துவிடுவார்கள், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஒன்றரை மணி நேரத்தில் கதவைத் திறந்து, "ஆச்சியோட ஆளுக யாரு?" என்று கூப்பிட்டார்கள். அக்கா கணவரை அயித்தான் என்போம். அவரும் நானும் போனோம். ஒரு எவர்சில்வர் தட்டில், கீறிப் பிரித்த பையும் பக்கத்தில் கற்களும். பை இவ்வளவுதானா என்று தோன்றியது. நடுவிரல் நீளம்கூட இல்லை. பச்சையும் பழுப்புமாக உள்பக்கம் வெல்வெட் போல் இருந்தது. அடிப்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் வெளுத்து, தடித்து, மற்ற இடத்தோடு சேராமல் இருந்தது. அன்றைக்கு என் கண் அதன்மேல் பட்டது நிஜம். அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. என் பார்வை கல் பக்கமே போனது.

அப்புறம் பில் போடுகிற இடத்தில் ஒரு கேள்வி: "பயாப்சிக்கு அனுப்பணுமா? அதுக்குத் தனியா கட்டணும்." அயித்தான், "அவசியமா?" என்று கேட்டார். "சாதாரணக் கல்லுதான். உங்க இஷ்டம்" என்று பதில் வந்தது.

அந்த "உங்க இஷ்டம்" என்ற வார்த்தைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. பில் கட்ட நிற்கிற ஒரு வீட்டாளுக்கு என்ன தெரியும்? ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சம் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றும். அயித்தானும் "அப்ப வேண்டாமே" என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த வயதான நர்ஸம்மா, போகிற போக்கில் என்னைப் பார்த்து, "தம்பி, அனுப்பிருங்க. எடுத்த உறுப்பைத் தூக்கிப் போடக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார், நின்றுகூடப் பேசவில்லை. நான் பணத்தைக் கட்டினேன். அந்த ஊரில் அதைப் பார்க்கும் வசதி இல்லை. மதுரை லேபுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று, வெள்ளை மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தார்கள்.

டப்பா நிறைய ஃபார்மலின், சதை கெடாமல் வைக்கிற மருந்துத் தண்ணீர். அதில் ஆச்சியின் பித்தப்பை. மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டி, ஆச்சியின் பெயரும் வயதும் எழுதியிருந்தது. இரண்டு கவர் போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு காரைக்குடியில் மதுரை பஸ் ஏறினேன். கவரையும் மீறிக் கண்ணைக் கரிக்கிற ஒரு வாடை லேசாக வந்துகொண்டே இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் என்னவென்று கேட்டார். மருந்து என்றேன். குன்றக்குடி மலை தெரிந்ததும் வழக்கம்போல் கும்பிடக் கை எழுந்தது. டப்பாவைப் பிடித்த கையை எடுக்க மனசில்லை. ஒரு கையாலேயே கும்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கொடுத்த பெண், "டாக்டர்கிட்டயே காட்டுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

முதல் ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்றிருந்தது, எந்த வகை என்று உறுதியாக இல்லை. மேற்கொண்டு சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். திசுவை மெழுகில் பதித்துக் கட்டையாக்கி, தாளைவிட மெல்லிசாகச் சீவி, சில குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் போட்டுப் பார்ப்பார்கள். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் என்ற இரண்டும் இருந்தன. நரம்பும் சுரப்பியும் கலந்த குணமுள்ள நியூரோஎண்டோகிரைன் செல்லின் அடையாளம் அவை. கே.ஐ.67 என்று ஒரு எண் இருக்கிறது, நூறு செல்லில் எத்தனை செல் பெருகும் வேலையில் இருக்கின்றன என்பதன் கணக்கு. ஆச்சிக்கு அது 80. பெயர்: பித்தப்பையின் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா, சிறுசெல் வகை.

கணக்கு எழுதுவது என் தொழில். எண்ணைப் பார்த்தால் அதன் பின்னால் போகாமல் இருக்க முடியாது. பித்தப்பைப் புற்றுநோயே நம் தென்பக்கத்தில் குறைவு, கங்கைச் சமவெளியில்தான் அதிகம். அதிலும் பத்தில் ஒன்பது பேருக்கு வருவது அடினோகார்சினோமா என்ற வழக்கமான வகை. இந்த நியூரோஎண்டோகிரைன் வகை நூறு பித்தப்பைப் புற்றுநோயில் இரண்டு பேருக்கு வந்தால் அதிகம். உடம்பில் எங்கெங்கோ வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளை எல்லாம் சேர்த்து எண்ணினால், அவற்றில் பித்தப்பையில் வருவது இருநூற்றில் ஒன்று என்ற அளவுதான்.

விசித்திரம் என்னவென்றால், நல்ல நிலையில் இருக்கும் பித்தப்பையில் நியூரோஎண்டோகிரைன் செல்களே கிடையாது. குடலில் உண்டு, கணையத்தில் உண்டு, நுரையீரலில் உண்டு. நரம்பு செல் போலச் சேதி வாங்கி, சுரப்பி போல ஹார்மோன் விடுகிற செல்கள் அவை. இல்லாத செல்லில் புற்று எப்படி வரும்? டாக்டர் சொன்ன விளக்கம் இது: வருடக் கணக்கில் கல் உரசி உரசிப் புண்ணாகிற சுவர், சில இடங்களில் குடலின் உள்தோல் போல மாறிக்கொள்ளும். அப்படி மாறிய இடத்தில் அந்தச் செல்களும் தோன்றலாம். எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்லிலிருந்து வரலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. இரண்டும் இன்னும் கருத்தளவில்தான் இருக்கின்றன.

வீட்டில் இதை விளக்குவது பெரும்பாடாகிவிட்டது. நியூரோ என்றதும் சின்னாத்தா, "மூளைக்கு ஏறிருச்சா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நடிகர் இர்ஃபான் கானுக்கும் 2018-இல் இதே தொல்லைதான். தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று அவர் அறிவித்தபோது, நியூரோ என்றால் எப்போதும் மூளை அல்ல என்றும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், அயித்தான் வீட்டுப் பையன் ஒருவன், "ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்ததுதான், அவர் எட்டு வருஷம் இருந்தாரே" என்று தைரியம் சொன்னான். அவருக்கு வந்தது கணையத்தில், மெதுவாக வளரும் வகை. குடும்பப் பெயர் ஒன்று, குணம் வேறு. மெதுவாக வளர்பவற்றை நெட் (NET) என்கிறார்கள், அதில் மூன்று படி. செல் உருவமே சிதைந்து வேகமாக ஓடுவதை நெக் (NEC) என்கிறார்கள், ஆச்சிக்கு வந்தது இதுதான். இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில் மருந்து மாறுகிறது, ஸ்கேன் மாறுகிறது, காலக் கணக்கும் மாறுகிறது. இணையத்தில் தேடுகிறவர்கள் முதலில் ரிப்போர்ட்டில் இந்த எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் நாலு ராத்திரி வேறொரு நோயைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். முகம் சிவக்கும், வயிற்றுப்போக்கு வரும் என்று படித்துவிட்டு ஆச்சி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்படி எதுவும் வரவில்லை. பித்தப்பையில் வருவது பெரும்பாலும் அப்படி ஹார்மோன் கொட்டி அடையாளம் காட்டுவதில்லை. அதனால்தான் மஞ்சள் காமாலை வந்து, உடம்பு இளைத்து, கல்லீரலுக்குப் பரவிய பிறகு தெரியவருகிறது.

இரண்டாவது கருத்துக் கேட்கச் சென்னை போனோம். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஆச்சி ஜன்னலோரம், மடியில் ஒரு பனையோலைக் கொட்டான். மற்ற நாளில் அதில் சீடையோ முறுக்கோ இருக்கும். அன்றைக்கு ஆச்சியின் திசுவைச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளும் மெழுகுக் கட்டைகளும் இருந்தன. ரிப்போர்ட் மட்டும் போதாது, சில்லையும் கட்டையையும் லேபில் கேட்டு வாங்கி வாருங்கள் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். அங்கே இருப்பவர்கள் தங்கள் கண்ணால் மறுபடி பார்ப்பார்களாம். இது பலருக்குத் தெரியாது. கேட்டால் கொடுப்பார்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் வைத்துவிடக் கூடாது, மெழுகு இளகிவிடும்.

புதுக்கோட்டையில் வண்டி நின்றபோது எனக்கு முத்துலட்சுமி ரெட்டி நினைவு வந்தது. 1886-இல் அந்த ஊரில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்தத் துயரத்தைச் சும்மா விடாமல் 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார். ஆச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம பக்கத்து ஊரு ஆளா?" என்றார். அதன்பிறகு திருச்சி வரை கொட்டானின் மூடியைத் தடவியபடியே வந்தார்.

சென்னை டாக்டர் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். பையை வெளியே எடுக்கும்போது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எடுத்தார்களா? எடுக்கும்போது பை கிழிந்ததா, பித்தநீர் சிந்தியதா? சிந்தியிருந்தால் புற்றுச் செல் வயிற்றுக்குள்ளும் துளை போட்ட இடத்திலும் விதை போல விழுந்திருக்கலாம். இதற்கெல்லாம் பதில் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை, ஆபரேஷன் குறிப்பில்தான் இருந்தது. அதை வாங்க நான் முதல் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை நடந்தேன். நல்லவேளை, உறைக்குள் போட்டுத்தான் எடுத்திருந்தார்கள்.

நுரையீரலையும் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுசெல் வகை பெரும்பாலும் நுரையீரலில் தொடங்குவது. அங்கிருந்து இங்கே வந்து விழுந்ததா, இங்கேயே பிறந்ததா என்று பார்க்க வேண்டும். நுரையீரல் சுத்தமாக இருந்தது. கல்லீரலிலும் ஒன்றும் இல்லை. கட்டி சுவரின் தசையைத் தாண்டியிருந்தது, கல்லீரலைத் தொடவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வேகமான நோய்தான், மறைக்க மாட்டேன். ஆனா ரொம்பப் பேருக்கு நாங்க பார்க்கும்போது கல்லீரல் முழுக்க இருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை" என்றார். பையை அன்றைக்குப் பரிசோதனைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால்? அதை நான் கேட்கவில்லை. அயித்தான் கேட்டார். டாக்டர் பதில் சொல்லவில்லை. அயித்தான் எழுந்து வெளியே போய்விட்டார். வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றவரை நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

ஆனி கடைசியில் இரண்டாவது ஆபரேஷன். பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஒன்பது நெறிக்கட்டியில் ஒன்றில் நோய் இருந்தது. பிறகு ஆவணியில் கீமோ தொடங்கியது. நுரையீரல் சிறுசெல் புற்றுக்குக் கொடுக்கிற அதே சேர்க்கைதான்: எட்டோபோசைட், கூட சிஸ்பிளாட்டின். ஆச்சிக்குப் பல வருடச் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்கெனவே கொஞ்சம் ஏறியிருந்தது. அதனால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில், சிறுநீரகத்தை அவ்வளவாகப் பதம் பார்க்காத கார்போபிளாட்டின் கொடுத்தார்கள். மூன்று நாள் மருந்து, 21 நாளுக்கு ஒரு சுற்று, ஆறு சுற்று. கீமோவை மதுரையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னையில் எழுதிக் கொடுத்தார்கள், அது பெரிய உதவி.

முடி போனது இரண்டாவது சுற்றுக்குள். ஆச்சி அதற்கு அழவில்லை. அவர் அழுதது சாப்பாடு கசந்தபோது. சமையலில் ஊரே பேர் சொன்ன கை அது. உப்புப் பார்க்கத் தெரியவில்லையே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

மூன்றாவது சுற்றில் பதினோராம் நாள் ராத்திரி காய்ச்சல் 101. பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று அயித்தான் சொன்னார். கீமோவில் இருப்பவருக்கு அப்படிப் பார்க்கக் கூடாது. பத்து நாள் வாக்கில் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். 100.4-ஐத் தொட்டாலே மணி எத்தனையானாலும் கிளம்ப வேண்டும் என்று நர்ஸ் எழுதிக் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மேலூர் தாண்டும்போது ஆச்சியின் கை என் கைக்குள் கொதித்தது. ஆறு நாள் ஊசி மருந்து ஏற்றி மீண்டு வந்தார்.

இதை எழுதும்போதே ஒன்று சொல்லிவிட வேண்டும். பித்தப்பையில் கல் இருக்கிற எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. கல் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புற்று வருவதே இல்லை. நான் கேட்பது அதுவல்ல. எப்படியும் ஒரு பையை எடுத்துவிட்டார்கள் என்றால், அதைப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். பரிசோதனை ஆபரேஷன் கட்டணத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும், வீட்டாரிடம் கேட்கிற கேள்வியாகவே அது இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

ஆறாவது சுற்று கார்த்திகைத் தீபத்தை ஒட்டி வந்தது. அன்றிலிருந்து 21 நாள் எண்ணி, நாளுக்கு ஓர் இழையாக நூல் சேர்த்து, மார்கழியில் பிள்ளையார் நோன்பு கும்பிடுவது எங்கள் வழக்கம். சேர்த்த இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து, நெய்யில் ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். ஐந்து சுற்றாக 21 நாள் எண்ணி எண்ணிப் பழகிய ஆச்சி, அந்தத் தடவை கீமோ நாளையும் இழையையும் ஒரே காலண்டரில் எண்ணினார். வாயெல்லாம் புண். இழையை எப்படி எடுப்பார் என்று எல்லோருக்கும் கவலை. கூட்டம் ஆகாது என்பதால் முகப்பில் தனியாக உட்கார வைத்தோம். அயித்தான் இழையை நீட்டினார். ஆச்சி ஒரு நொடி சுடரைப் பார்த்தார், கண்ணை மூடினார், வாங்கிக்கொண்டார். பிறகு வெகுநேரம் வாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இரண்டு முடிந்திருக்கிறது, இரண்டும் சுத்தம். அடுத்தது ஆவணியில். ஒவ்வொன்றுக்கும் முந்தின வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு பங்காளி வந்திருந்தார். அவர் வீட்டு ஆச்சிக்குத் திங்கட்கிழமை பித்தப்பைக் கல் ஆபரேஷனாம். பேச்சோடு பேச்சாக அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "உங்களுக்கு எத்தனை கல்லு?" என்று கேட்டார்.

ஆச்சி அந்தப் பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "கல்லு கெடக்கட்டும். பைய எந்த லேபுக்கு அனுப்புறாக?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லலியே."

"அப்ப நீங்களே கேட்டு வாங்குங்க. டப்பாவக் கொண்டுபோக ஆள் இல்லையின்னா, தம்பி வருவாக."

புதன்கிழமை காலையில் மதுரை பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன்.